சுண்டெலியா, கெண்டையா: உடலுறுப்புப் பெயர் அட்டைகள், ஒரு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

முதலில் ஒரே ஒரு அட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பெட்டியை வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அதில்தான். முன்பக்கத்தில் மடக்கிய கை ஒன்றின் படம், மேற்கையில் தசை புடைத்து நிற்கிறது. பின்பக்கம் திருப்பினால் 'மசில்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று நாலே வரி. லத்தீனில் 'மூஸ்' என்றால் எலி, 'மூஸ்குலுஸ்' என்றால் குட்டி எலி, கையை மடக்கி நீட்டும்போது தோலுக்கு அடியில் ஒரு சுண்டெலி ஓடுவது போலத் தெரிந்ததால் அந்தப் பெயர். படித்ததும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு முழங்கையை மடக்கி மடக்கிப் பார்த்தேன். ஓடுகிறது! எத்தனையோ வருடமாக வகுப்பில் ஆயிரம் தடவை சொன்ன சொல், அதற்குள் ஒரு எலி இருந்தது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

செவிலியர் படிப்புக்கும் இயன்முறை மருத்துவத்துக்கும் வருகிற முதலாண்டு மாணவர்களுக்கு உடற்கூறு சொல்லிக்கொடுப்பது என் வேலை. பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வருபவர்களுக்கு இந்தப் பாடத்தில் பயமே பெயர்கள்தான். எலும்பு எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்பதெல்லாம் இரண்டு நாளில் புரிந்துவிடும், பெயர் மட்டும் நிற்காது. 'அசிடாபுலம்' என்று எழுதிப் பத்து முறை சொல்லச் சொன்னால் பதினோராவது முறை மறந்துவிடும். அதற்குள் என்ன இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் மறக்காது: வினிகர் ஊற்றி வைக்கும் சின்னக் கிண்ணம். 'அசிட்டிக்' அமிலத்தில் வருகிற அதே 'அசிட்' தான். தொடை எலும்பின் பந்து போன்ற தலை போய் உட்காரும் அந்தக் குழியை ஒரு முறை பார்த்துவிட்டு இதைக் கேட்டால் போதும். இந்த அட்டைகள் செய்வது அதைத்தான், அதனால்தான் வாங்கினேன்.

தயாரித்தவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை. சில குறைகளைக் கொஞ்சம் காட்டமாகவே சொல்லப் போகிறேன், அவற்றை அவர்களுக்கும் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். உள்ளங்கை அளவு அட்டைகள், மூலையில் துளை, கோக்க ஒரு வளையம், எலும்புக்கு ஒரு நிறம், தசைக்கு ஒரு நிறம், நரம்புக்கு ஒரு நிறம் என்று ஓரத்தில் வண்ணப் பட்டை. முன்னால் படம், பின்னால் சொல்லின் பிறப்பு, அடியில் தமிழ்ப் பெயர். கூடவே அகரவரிசைப் பட்டியலாக ஒரு சின்னக் கையேடு. இப்படி எத்தனையோ பெட்டிகள் கிடைக்கலாம், நான் சொல்வது என் கையில் ஒரு வருடமாகத் தேய்ந்த இந்த ஒன்றைப் பற்றி மட்டும்.

சரி, எலிக்கு வருகிறேன். கிரேக்கத்தில் எலிக்கும் தசைக்கும் ஒரே சொல்தான். மயோகார்டியம் (இதயத் தசை), மயால்ஜியா (தசை வலி) என்று சொல்லும்போது முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிற 'மயோ' அந்தக் கிரேக்க எலி. லத்தீன் மூஸும் நமக்குப் பழக்கமான மூஷிகமும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். இது அட்டையில் இல்லை, நான் வகுப்பில் சேர்த்துச் சொல்வது. மூஷிகம் என்றதும் பின்வரிசை வரைக்கும் நிமிர்ந்து உட்காரும். இதையெல்லாம் அந்த நாலு வரியில் அடைக்க முடியாது என்பது புரிகிறது. ஆனால் அடியில் தமிழ்ப் பெயர் என்ற இடத்தில் வெறுமனே 'தசை' என்று போட்டுவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு முதல் வருத்தம். தமிழில் பேசுகிற எல்லோர் வாயிலும் 'கெண்டைக்கால்' இருக்கிறது. கெண்டை என்றால் மீன். கெண்டைச் சதை பிடித்துக்கொண்டது என்று சொல்லாதவர்கள் யார்? லத்தீன்காரர் தோலுக்கு அடியில் எலியைப் பார்த்த மாதிரி, நம் வாயில் இருக்கிற சொல்லில் ஒரு மீன் துள்ளுகிறது.

இது எனக்கு வெறும் சொல்லழகாகப் படவில்லை, பாடமே இதில் இருக்கிறது. கெண்டை மீன் நடுவில் பருத்து இரண்டு முனையிலும் ஒடுங்கும். கெண்டைக்கால் தசையும் அப்படித்தான், நடுவில் சதை திரண்டு கீழே போகப் போக ஒடுங்கி, வாலைப் போல ஒரு நாணாக மாறிக் குதிகால் எலும்பில் போய்ப் பிடிக்கிறது. எலி என்று பெயர் வைத்தவர் அசைவைக் கவனித்தார், கெண்டை என்று சொன்னவர் அசைவோடு வடிவத்தையும் சேர்த்துப் பிடித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. இதே தசைக்குக் கிரேக்க வழியில் வந்த பெயர் 'காஸ்ட்ரோக்னீமியஸ்', அதாவது காலின் வயிறு. அதற்கு அடியில் ஒட்டிப் படுத்திருக்கும் தட்டையான தசை 'சோலியஸ்'. லத்தீனில் 'சோலியா' என்றால் செருப்பு, அதே பெயர் ஒரு தட்டை மீனுக்கும் உண்டு. நம் கெண்டைக்கு அடியில் அவர்களுடைய தட்டை மீன்! இந்த இரண்டு அட்டைகளையும் அடுத்தடுத்து வைத்துச் சொன்ன அன்று, இந்தத் தசைகளின் பெயரை வகுப்பில் ஒருவர்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. கெண்டைக்காலுக்கு ஆடுசதை என்றும் ஒரு பெயர் உண்டு. ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஆடுகிற சதை. மாணவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

அந்த நாணைப் பற்றியும் சொல்லவேண்டும். அக்கிலீஸ் அட்டை நன்றாக இருக்கிறது. கிரேக்கப் புராண வீரன் அக்கிலீஸைக் குழந்தையாக இருந்தபோது தாய் குதிகாலைப் பிடித்துக்கொண்டு ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கினாள், பிடித்த இடம் மட்டும் நனையவில்லை என்ற கதையும், 1693ஆம் ஆண்டு பிலிப் வெர்ஹேயன் என்ற உடற்கூற்றியலாளர் அந்த நாணுக்கு அக்கிலீஸ் பெயரைச் சூட்டினார் என்ற தகவலும் இருக்கின்றன. இப்படி மனிதர், புராண வீரர் பெயர் தாங்கிய சொற்களை உடற்கூற்றுச் சொற்களின் பன்னாட்டுப் பட்டியல் பொதுவாக ஏற்பதில்லை என்பதையும் குறித்திருக்கிறார்கள், பாராட்டுகிறேன். ஆனால் தமிழில் 'தசைநாண்' என்று எழுதிவிட்டு நாண் என்றால் என்ன என்று சொல்லாமல் விட்டது ஏன்? வில்லின் நாண்! இழுத்துக் கட்டியது, விசையைத் தாங்கிக் கடத்துவது. 'டெண்டன்' என்ற சொல்லும் இழுத்து நீட்டுவது என்ற பொருளில் வந்ததுதான், ஆனால் அதில் வில் இல்லை. தமிழ்ச் சொல்லிலேயே பாடம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் ஆற்றங்கரைக் கதையை மட்டும் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது 'ஆர்ட்டரி' அட்டை, அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனி. கிரேக்கத்தில் 'ஆர்ட்டீரியா' என்பது முதலில் மூச்சுக்குழாயைக் குறித்த சொல். இறந்த உடலை அறுத்துப் பார்த்தால் தமனிகள் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும், ரத்தம் இதயத்துக்குத் திரும்புகிற குழாய்களான சிரைகளில் போய்த் தங்கிவிடும். அதைப் பார்த்துவிட்டு இந்தக் குழாய்களில் காற்றுதான் ஓடுகிறது என்று நினைத்தார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிராக்ஸகோரஸ் என்ற கிரேக்க மருத்துவர் தமனியையும் சிரையையும் வேறுபடுத்திச் சொன்னார், அவரும் தமனியில் ஓடுவது காற்று என்றே சொன்னார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற மருத்துவர் வந்து உயிருள்ள விலங்கில் செய்து காட்டிய பிறகுதான் அதில் ரத்தம் இருப்பது உறுதியானது. அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்புறம் மூச்சுக்குழாயை வேறுபடுத்துவதற்காக அதைச் 'சொரசொரப்பான ஆர்ட்டரி' என்றார்கள், குருத்தெலும்பு வளையங்கள் தட்டுப்படுவதால். காலப்போக்கில் 'ஆர்ட்டரி' கழன்று போய் 'சொரசொரப்பான' மட்டும் மிஞ்சியது. அதுதான் 'ட்ரக்கியா'. உங்கள் தொண்டைக்குக் கீழே விரலை மெல்ல வைத்து மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள், அந்தச் சொல்லைத் தொட்டுப் பார்க்கலாம்.

இந்த அட்டையின் அடியிலும் 'தமனி' என்று ஒரு சொல் போட்டு முடித்துவிட்டார்கள். தமனி சமஸ்கிருதத்திலிருந்து வந்தது, அதன் வேருக்கு 'ஊதுதல்' என்று பொருள், ஊதுகுழல் போன்ற குழாய். அங்கேயும் காற்று! தூரதூரமாக இருந்த இரண்டு மருத்துவ மரபுகள், இரண்டிலும் ரத்தக் குழாயின் பெயரில் காற்று வீசுகிறது. இது ஒரு வரி அங்கே இருந்திருந்தால் அந்த அட்டை இந்தப் பெட்டியிலேயே சிறந்த அட்டையாக இருந்திருக்கும். விசாரிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பதுதான் என் எண்ணம்.

எலும்பு அட்டைகளில் பெரும்பாலானவை அருமை. வால் எலும்புக்கு 'காக்சிக்ஸ்' என்று பெயர் வந்தது குயில் அலகு போல இருப்பதால், கிரேக்கத்தில் 'கொக்கிக்ஸ்' என்றால் அந்தக் குயில் இனப் பறவை. படத்தைப் பக்கவாட்டிலிருந்து போட்டிருக்கிறார்கள், நேராகப் போட்டிருந்தால் அலகு தெரியாது, யோசித்துச் செய்திருக்கிறார்கள். கழுத்தின் முதல் எலும்பு 'அட்லஸ்', கிரேக்கப் புராணத்தில் வானத்தைத் தோளில் தாங்கிய அட்லஸ் மண்டையோட்டைத் தாங்குகிறான். முன்கை எலும்பு 'ரேடியஸ்' என்றால் சக்கரத்தின் ஆரக்கால், தமிழில் ஆரை எலும்பு என்பதும் அதே படம். காது எலும்புகள் மூன்றும் ஒரே அட்டையில்: சுத்தி, பட்டடை, அங்கவடி. அங்கவடி என்றால் குதிரை ஏறுபவர் கால் வைக்கும் வளையம் என்று அடைப்புக்குள் விளக்கியிருப்பது நல்லது, இன்று பாதிப் பேருக்கு அந்தச் சொல் தெரியாது. லத்தீனில் 'ஸ்டேபிஸ்' என்ற சொல்லே பிற்காலத்தில் ஆக்கியதுதான், பழைய ரோமானியர்களிடம் அங்கவடியே கிடையாது, இல்லாத பொருளுக்குப் பெயர் எங்கிருந்து வரும்? உடலிலேயே மிகச் சின்ன எலும்பு அது, சுமார் 3 மில்லிமீட்டர் உயரம், படத்தில் பெரிதாக்கிப் போட்டிருப்பதால் மாணவர்கள் அளவைத் தப்பாக நினைத்துவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு அரிசி மணி அளவுக்கு ஒப்புக் காட்டியிருக்கலாம்.

முழங்கால் சில்லு அட்டையைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, இங்கே மட்டும் தமிழுக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். 'பட்டெல்லா' என்றால் சின்னத் தட்டு, 'சில்லு' என்றால் வட்டமான ஓட்டுத் துண்டு. அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள், அது போதும். இதையே காறை எலும்புக்கும் செய்திருக்கலாமே! 'கிளாவிக்கிள்' என்றால் குட்டிச் சாவி, கையை மேலே தூக்கும்போது அந்த எலும்பு தன் அச்சில் சாவி போலத் திரும்புகிறது என்று விளக்கம் இருக்கிறது, தொட்டுக்கொண்டே கையைத் தூக்கினால் அந்தத் திருப்பம் விரலுக்குத் தெரியும். அடியில் 'காறை எலும்பு' என்று மட்டும். காறை என்பது கழுத்தில் அணியும் விறைப்பான அணி. கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் வளைந்து நிற்கிற அந்த எலும்புகளைப் பார்த்தால் யாருக்கும் நகை நினைவுக்கு வரும். மாணவர்களிடம் காறை என்றால் என்ன என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை, கறை என்று நினைத்திருக்கிறார்கள்.

அடுத்து தவறுகள். பொறுத்துக்கொள்ள முடியாதது ஒன்று: முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளின் அட்டையில் பெயர்க் கோடுகள் இடம் மாறியிருக்கின்றன. 'டிபியா' என்றால் புல்லாங்குழல், உள்பக்கம் இருக்கிற தடித்த எலும்பு. 'ஃபிபுலா' என்றால் துணியைச் சேர்த்துக் குத்தும் ஊசி, வெளிப்பக்கம் ஒல்லியாக இருப்பது. பின்பக்கம் சரியாக எழுதிவிட்டு முன்பக்கப் படத்தில் ஊசியைப் புல்லாங்குழல் என்று காட்டியிருக்கிறார்கள். சொல்லின் பொருளைப் படித்த ஒரு மாணவிதான் முதலில் கண்டுபிடித்தாள், "இதுதானே ஊசி மாதிரி இருக்கு, எப்படி இது டிபியா?" என்று. பெயரின் பொருள் தெரிந்தால் படத்தின் பிழையைக் கூடப் பிடிக்கலாம் என்பது அன்று எங்களுக்குக் கிடைத்த லாபம், ஆனால் தனியாக உட்கார்ந்து படிக்கிற ஒருவர் இதை மனப்பாடம் செய்துகொண்டு தேர்வுக்குப் போனால் என்ன ஆவது?

இன்னொன்று, உறுதியில்லாததை உறுதியாகச் சொல்வது. முதுகெலும்பின் அடியில் இருக்கிற 'சேக்ரம்' என்றால் புனிதமான எலும்பு, கிரேக்கப் பெயரின் மொழிபெயர்ப்பு, தமிழில் திருவெலும்பு என்பதும் அந்தப் பொருளைத்தான் தருகிறது. இதுவரை சரி. ஏன் புனிதம் என்பதற்கு அட்டை ஒரே காரணத்தைச் சொல்கிறது: பலி கொடுக்கும்போது அந்தப் பகுதியைத் தெய்வத்துக்குப் படைத்தார்களாம். அது ஒரு கருத்து. இறந்தவர் எழும்போது உடல் அந்த எலும்பிலிருந்து மீண்டும் உருவாகும் என்ற நம்பிக்கையிலிருந்து வந்தது என்பார்கள், அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் 'பெரிய, வலிய' என்ற பொருளும் இருந்தது என்பார்கள். முடிவாகவில்லை. 'இப்படிச் சொல்வதுண்டு' என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் போதும். சொல்லின் பிறப்பைப் பற்றி எழுதுபவர்களுக்கு இந்தக் கவனம் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் கதை நன்றாக இருந்தால் நாம் எல்லோரும் நம்பிவிடுவோம், நானும் நம்பியிருக்கிறேன்.

மூளை அட்டைகள் குறைவு. இருப்பவற்றில் 'ஹிப்போகாம்பஸ்' நன்றாக இருக்கிறது, கடற்குதிரை என்று பெயர், 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் போலோன்யாவில் இருந்த அரான்சி என்ற உடற்கூற்றியலாளர் சூட்டியது. கடற்குதிரை என்பதா பட்டுப்புழு என்பதா என்று அவரே தயங்கினார் என்ற தகவல் எனக்குப் புதிது. 'அமிக்டலா' பாதாம் பருப்பு. மூளையுறையான 'டூரா மேட்டர்' விட்டுப்போயிருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த சொல் அது: 'கடினமான தாய்'. அரபு மருத்துவ நூல்களில் மூளையின் தாய் என்று இருந்ததை லத்தீனில் மொழிபெயர்த்தபோது தாயும் சேர்ந்தே வந்துவிட்டாள். கிரேக்கம், லத்தீன் என்றே பெட்டி முழுவதும் பேசுகிறது, அரபு வழியாக வந்தவற்றுக்கு இடமே கொடுக்கவில்லை.

உச்சரிப்பு எங்கேயும் இல்லை, தமிழ் எழுத்தில் ஒரு முறை எழுதிக் காட்டியிருக்கலாம். வளையம் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. அட்டையின் தடிமனும் அச்சும் நன்றாக இருக்கின்றன, தினமும் கை மாறியும் மூலைகள் மட்டும்தான் மடங்கியிருக்கின்றன. தனியாகப் படிப்பவர்களுக்கு, அந்தக் கால் எலும்பு அட்டையைத் திருத்திக்கொண்டால், தயங்காமல் வாங்கலாம் என்பேன். தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் வாங்கினால் பயன்படாது, இது நிதானமாக ஒரு நாளைக்கு நாலைந்து என்று பார்க்க வேண்டியது. ஏற்கெனவே எல்லாப் பெயரும் தெரிந்த மேல் வகுப்பு மாணவர்களுக்கும் தருவேன், அவர்களுக்குத்தான் அதிக வியப்பு.

கடைசியாகக் கண் அட்டை. 'பியூபில்' என்ற சொல் லத்தீனில் குட்டிப் பொம்மை என்பதிலிருந்து வந்தது. ஒருவர் கண்ணுக்குள் கிட்டத்தில் உற்றுப் பார்த்தால் நம் உருவம் குட்டியாகத் தெரியும், அதனால் பொம்மை. கிரேக்கத்திலும் சிறுமி, பொம்மை என்ற பொருள் தரும் சொல்லே இதற்கும். தமிழ்ப் பெயர்: 'கண்மணி' என்று போட்டிருக்கிறார்கள். தவறில்லை. ஆனால் பாவை எங்கே? பாவை என்றால் பொம்மை, கண்ணின் பாவை என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம், பேச்சில் கண்ணுப் பாப்பா என்றும் சொல்வதுண்டு. 1123ஆம் குறளில் காதலன் தன் கண்ணின் கருமணியில் இருக்கும் பாவையைப் போய்விடச் சொல்கிறான், தான் விரும்புகிறவளுக்கு அங்கே இடம் வேண்டுமாம். ரோமிலும் கிரேக்கத்திலும் தமிழிலும் மனிதர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து ஒரே பொம்மையைக் கண்டிருக்கிறார்கள், அந்த அட்டையில் பொம்மையை லத்தீனுக்கு மட்டும் கொடுத்துவிட்டார்கள்.

வகுப்பில் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னேன். சிரிப்பு, கூச்சம், அப்புறம் மெல்ல அமைதி, 'சார், தெரியுது' என்று ஒரு குரல். அன்று அந்த அட்டையின் அடியில் 'பாவை' என்று எழுதிவைத்தோம், அதிலிருந்து ஒவ்வொரு அட்டையாக எழுதி வருகிறோம், கெண்டை, நாண், காறை, ஊதுகுழல் என்று. அட்டையின் மேல் பளபளப்புப் பூச்சு இருப்பதால் சாதாரணப் பேனா பிடிக்காது, கை பட்டால் அழிந்துவிடுகிறது. வாங்குபவர்கள் அழியாத மைப் பேனா ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள், மெல்லிய முனையாகப் பார்த்து.